எடோஷாவில் மூன்று இரவுகள்: சுற்றுவதா, நீர்நிலையோரம் உட்காருவதா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். வருகிற செப்டம்பரில் நானும் அப்பாவும் நமீபியாவுக்குப் போகிறோம். தம்பி ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறான். அவனும் வந்து சேர்ந்துகொள்வான், கார் ஓட்டுவதும் அவன்தான். எடோஷா தேசியப் பூங்காவுக்கென்று மூன்று இரவுகள் ஒதுக்கியிருக்கிறோம்.

அப்பாவுக்கு 71 வயது. முழங்கால் வலி உண்டு, காதும் சற்று மந்தம். அவர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: காண்டாமிருகத்தைக் கூண்டுக்குள் இல்லாமல் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். தம்பியோ வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, தினமும் 200 கிலோமீட்டராவது சுற்றினால்தான் எல்லாவற்றையும் பார்க்க முடியும் என்கிறான். ஒரே நீர்நிலையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும் என்று எழுதியிருப்பவர்களும் இருக்கிறார்கள். மணிக்கணக்காகக் காத்திருந்து ஒன்றும் வராமல் போய்விட்டால் என்ன செய்வது? அவ்வளவு தூரம் போய் அப்பா வெறுங்கையோடு திரும்பக் கூடாதே என்றுதான் கவலை.

இன்னொன்று. பூங்கா வேலிக்கு வெளியே இருக்கும் விடுதி ஒன்று எங்கள் கைக்கு அடக்கமாக இருக்கிறது. உள்ளே தங்குவதற்குச் செலவு கூடுதல். அந்தச் செலவு அவசியமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊருணிக்கரை:

தங்கைக்கு வணக்கம். கணவரின் வேலை நிமித்தம் 2009 முதல் 2016 வரை நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்கில் இருந்தோம். அங்கிருந்து எடோஷாவுக்கு 11 முறை போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உட்காருங்கள். வேலிக்கு உள்ளேயே தங்குங்கள். மூன்று இரவுகளில் இரண்டை ஒகாக்குவேயோ முகாமுக்கே கொடுத்துவிடுங்கள்.

பூங்காவின் வாயில்கள் சூரிய உதயத்தில் திறக்கும், அஸ்தமனத்தில் மூடும். வெளியே தங்கினால் பொழுது சாயும் முன் கிளம்பியாக வேண்டும். அப்பா பார்க்க விரும்பும் கருப்புக் காண்டாமிருகம் பகலெல்லாம் முட்புதருக்குள் படுத்துக் கிடக்கும். இருட்டிய பிறகே தண்ணீருக்கு வரும். ஒகாக்குவேயோ, ஹலாலி, நமுடோனி ஆகிய மூன்று முகாம்களிலும் வேலியை ஒட்டியே ஒரு நீர்நிலை இருக்கிறது. உள்ளே தங்குகிறவர்கள் இரவு எந்நேரமும் போய் உட்காரலாம். ஒகாக்குவேயோவில் இரவு முழுவதும் விளக்கு எரியும். அந்தக் கூடுதல் பணம் கட்டிலுக்காக இல்லை, இரவுக்காக.

ஒன்றும் வராமல் போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். பூங்காவின் பரப்பு 22,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதில் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் வெறும் உப்புப் படுகை. வெள்ளைக் களிமண் பாளம் பாளமாக வெடித்து அடிவானம் வரை கிடக்கும். மே மாதத்திலிருந்து மழை கிடையாது. செப்டம்பர் வருவதற்குள் காட்டுக்குள் தேங்கிய மழைநீர் அத்தனையும் வற்றியிருக்கும். மிச்சமிருப்பவை ஊற்றுகளும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நிரப்பும் குட்டைகளும்தான். யானையோ சிங்கமோ வரிக்குதிரையோ, எதுவாக இருந்தாலும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். நீங்கள் தேடி அலைய வேண்டாம். தாகம் கூட்டிக்கொண்டு வரும்.

உங்கள் தம்பி நினைப்பது போலத்தான் முதல்முறை நாங்களும் நினைத்தோம். ஒரே நாளில் 280 கிலோமீட்டர் ஓட்டினோம். எதிரே வந்த காரில் யாரோ சிறுத்தை இருப்பதாகச் சொன்னதும், நல்ல நீர்நிலை ஒன்றை விட்டுவிட்டு 40 கிலோமீட்டர் பாய்ந்தோம். போய்ப் பார்த்தால் ஒரு புதரும், அதைச் சுற்றி ஏழெட்டுக் கார்களும்தான். பூங்காவுக்குள் மணிக்கு 60 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். வாயிலை மூடுவதற்குள் திரும்ப வேண்டுமே என்ற பதற்றத்தில் கடைசி ஒரு மணி நேரம் சாலையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. என் கணவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு நீர்நிலைக்குப் போனேன். தாழ்வான கல்சுவர், வரிசையாகப் பெஞ்சுகள், சுவருக்கு அப்பால் கொஞ்சம் மேடு, அதற்கப்பால் தண்ணீர். இரவு பதினொன்றேமுக்கால் மணிக்கு விளக்கொளியின் விளிம்பில் ஒரு பாறை இருந்தது. சற்று நேரத்துக்கு முன் அந்த இடத்தில் பாறை எதுவும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அது ஒரு பெண் காண்டாமிருகம். நின்ற இடத்திலேயே 20 நிமிடம் நின்றது. இரண்டு காதுகளும் தனித்தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஒன்று எங்கள் பக்கம், ஒன்று காட்டின் பக்கம். அதற்குக் கண்பார்வை மங்கல். காதையும் மூக்கையும் நம்பித்தான் பிழைக்கிறது. பெஞ்சில் யாரோ ஒருவரின் காலடியில் சரளைக்கல் நெரிந்தது. அவ்வளவுதான், "புஸ்" என்று மூச்சைச் சீறிவிட்டு மூன்றடி பின்னால் போனது. பிறகு மறுபடியும் 10 நிமிடம். கடைசியில் முன்னே வந்தபோதுதான் அதன் பின்னாலேயே கன்று ஒன்று இருந்தது தெரிந்தது. கருப்புக் காண்டாமிருகத்தின் கன்று தாய்க்குப் பின்னால் நடக்கும், வெள்ளைக் காண்டாமிருகத்தின் கன்று தாய்க்கு முன்னால் நடக்கும் என்று பிற்பாடு ஒரு வனக்காவலர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

தாய் குனிந்து குடித்தது. மேலுதடு கூராக, ஒரு விரலைப் போல நீண்டிருந்தது. முள்மரக் கிளையை வளைத்து ஒடிப்பதற்கான உதடு அது. குடிக்கும்போது அதன் நுனி மட்டும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு விலகியது. தண்ணீர் அசையவே இல்லை. ஒளி மேலிருந்து விழுந்ததால் குட்டைக்குள் இன்னொரு காண்டாமிருகம் தலைகீழாக நின்று கீழிருந்து குடிப்பது போல இருந்தது. அப்போது மூன்று யானைகள் சத்தமே இல்லாமல் வந்துவிட்டன. யானை வந்தால் மற்றவை விலகத்தான் வேண்டும். நீர்நிலையில் அதற்குத்தான் முதல் மரியாதை. தாய் நகர்ந்தது. கன்றோ இந்தப் பக்கமே நின்றுவிட்டது. நின்று ஒரு குரல் கொடுத்தது பாருங்கள், பூனைக்குட்டி அழுவதைப் போல மெல்லிய குரல். அத்தனை தடித்த உடம்பிலிருந்து அப்படியொரு குரல் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. தாய் சுற்றிக்கொண்டு ஓடி வந்து, யானைகளுக்கும் கன்றுக்கும் நடுவில் நின்றது. யானைகள் காதை விரித்தன. ஒருவரும் மூச்சுவிடவில்லை. பிறகு இரண்டும் இருட்டுக்குள் போய்விட்டன. ஒரு மணி நேரம் கழித்து யானைகள் கிளம்பிய பிறகு திரும்பி வந்து மிச்சத் தாகத்தைத் தீர்த்துக்கொண்டன. அதைப் பார்க்க ஐந்து பேர்தான் இருந்தோம். மற்றவர்கள் யானை போனதும் எழுந்து போய்விட்டார்கள்.

அந்த ஒரு இரவுக்குப் பிறகு நாங்கள் பூங்காவில் சுற்றுவதைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்.

நீர்நிலைக்கென்று ஒரு கால அட்டவணை உண்டு. காலை எட்டு முதல் பதினொன்று வரை வரிக்குதிரையும் ஸ்பிரிங்பாக் மானும் கூட்டமாக வரும். வெயில் ஏறியதும் யானைகள். குடிப்பதோடு விடாது, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு, காய்ந்ததும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகத் திரும்பும். எடோஷா யானைகள் ஆப்பிரிக்காவிலேயே மிக உயரமானவை, ஆனால் தந்தம் குட்டையாகவும் பலவற்றுக்கு ஒடிந்தும் இருக்கும். மண்ணில் தாதுச்சத்துக் குறைவு என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஒட்டகச்சிவிங்கி எப்போது வேண்டுமானாலும் வரும். அது வந்தால் பொறுமையாக இருங்கள். குனிவதா வேண்டாமா என்று முடிவு செய்யவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். முன்னங்கால்களை அகட்டிக் குனிந்திருக்கும் நேரம்தான் அதற்கு ஆபத்தான நேரம்.

மான்கள் குடிக்காமல் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நின்றால், நீங்களும் அந்தத் திசையையே பாருங்கள். பெரும்பாலும் நிழலில் சிங்கம் படுத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம்.

அப்பாவுக்குக் கெட்டியான ஸ்வெட்டர், போர்வை, பெஞ்சில் போட ஒரு மெத்தை, பிளாஸ்கில் சுடுநீர் எடுத்துப் போங்கள். செப்டம்பரில் பகல் காய்ந்தாலும் நள்ளிரவுக்குமேல் குளிரும். பைனாகுலர் ஆளுக்கொன்று இருக்கட்டும். மாற்றி மாற்றிப் பார்த்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் காண்டாமிருகம் போய்விடும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். காரில் இருக்கும்போது என்ஜினை அணைத்துவிடுங்கள். கழிப்பிடத்துக்கென்று வேலியிட்ட இடங்கள் உண்டு, அவற்றைத் தவிர எங்கும் காரைவிட்டு இறங்கக் கூடாது. மிக முக்கியமாக, காண்டாமிருகத்தின் படத்தை எந்த நீர்நிலை, எந்த நாள் என்ற விவரத்தோடு எங்கேயும் போடாதீர்கள். கொம்புக்காகக் கொல்லுகிறவர்கள் அதையும் பார்க்கிறார்கள். எனக்கு இது வெறும் விதிமுறை இல்லை. நான் பார்த்த அந்தக் கன்று இன்று உயிரோடு இருந்தால் நன்றாக வளர்ந்திருக்கும். அது இருக்க வேண்டும்.

செம்பருந்து:

அக்கா சொன்னதில் பெரும்பாலும் எனக்கும் உடன்பாடுதான். இரண்டு இடங்களில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

ஒன்று, மூன்றாவது இரவை ஹலாலிக்குக் கொடுங்கள். ஒகாக்குவேயோவிலிருந்து கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர். அங்குள்ள நீர்நிலையின் பெயர் மொரிங்கா. நம் முருங்கைதான் அந்தச் சொல்லுக்கு வேர். தாவரவியல் பெயராகி ஆப்பிரிக்கா வரை போயிருக்கிறது. நீர்நிலையை ஒட்டிய குன்றில் நிற்பது நாம் குழம்பு வைக்கும் முருங்கை இல்லை, அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு மரம். அடிமரம் பருத்து, வெளுத்து, பானையைக் கவிழ்த்தது போல இருக்கும். அங்கே பார்வையிடம் பாறைமேல் இருப்பதால் நீர்நிலை காலடியில் இருப்பது போலத் தெரியும். ஆனால் ஏறும் வழி கரடுமுரடு. முழங்கால் வலி உள்ளவரை வெளிச்சம் இருக்கும்போதே கையைப் பிடித்து ஏற்றி உட்காரவைத்துவிடுங்கள்.

இரண்டாவது, நான் பறவை பார்க்கிறவன். அந்தி நேரத்தில் எழுந்து சாப்பிடப் போய்விடாதீர்கள். சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்து, வானத்தில் செம்மை மங்கும்போது, கல்கௌதாரிகள் வரும். நம் ஊர்க் கரிசல் காட்டிலும் கல்கௌதாரி உண்டு, ஆனால் இந்தக் கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதலில் குரல் கேட்கும், பிறகு இருட்டிலிருந்து பத்துப் பத்தாக இறங்கும். அது இரட்டைப் பட்டைக் கல்கௌதாரி. காலை எட்டு, ஒன்பது மணிக்கு வருவது இன்னொரு வகை, நமாக்குவா கல்கௌதாரி. அதன் ஆண் பறவை தண்ணீரில் இறங்கி வயிற்றை அழுத்தி அழுத்தி ஆட்டும். வயிற்று இறகுகள் பஞ்சு போல நீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்படியே பல கிலோமீட்டர் பறந்து போய்ப் பாலையில் காத்திருக்கும் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். குஞ்சுகள் அந்த இறகைச் சப்பிக் குடிக்கும். பைனாகுலரில் ஒரு ஆண் பறவை நனைவதை மூன்று நிமிடம் விடாமல் பார்த்தேன். அதே நேரத்தில் கரையோரம் ஒரு குள்ளநரியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. பறவை எழும்பிய நொடியில் நரி பாய்ந்தது, ஒரு இறகுதான் அதன் வாயில் மிஞ்சியது.

பகலில் சுற்றவே வேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஒகாக்குவேயோவுக்குப் பக்கத்திலேயே நெப்ரௌனி என்றொரு குட்டை இருக்கிறது. வெள்ளை யானைக் கூட்டத்துக்கு அதுதான் இடம். உப்புப் படுகையின் விளிம்பில் சால்வடோரா, சூவேடா ஊற்றுகள். அங்கே அடிவானத்தில் கானல்நீர் நெளிய, வரிக்குதிரைகள் காலில்லாமல் மிதப்பது போல வரும். காலையில் இவற்றில் இரண்டுக்குப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் நின்றால் போதும்.

வைகைக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காண்டாமிருகக் கன்று குரல் கொடுத்த இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை படிக்கச் சொன்னார். தம்பியும் 200 கிலோமீட்டர் திட்டத்தைக் கைவிட்டுவிட்டான். உள்ளேயே தங்க முடிவு செய்துவிட்டோம்.

அப்பா ஒரு கேள்வி கேட்டார். ஆழ்துளைக் கிணறு தோண்டித் தண்ணீர் விட்டு, விளக்கும் போட்டு விலங்கை வரவழைப்பது சரியா, அது காடா அல்லது மேடையா என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஊருணிக்கரை:

அப்பா சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார். என்னையும் பல ஆண்டுகள் உறுத்திய கேள்வி அது.

எடோஷாவில் இயற்கை ஊற்றுகள் நிறைய உண்டு. படுகையின் விளிம்பில் நிலத்தடி நீர் தானாகக் கசியும். ஆழ்துளைக் குட்டைகள் பின்னால் வந்தவை. நமீபியா ஜெர்மனியின் காலனியாக இருந்த காலத்தில், 1907-இல், ஜெர்மானிய ஆளுநர் இதைக் காப்பகமாக அறிவித்தபோது எல்லை இன்றிருப்பதைப் போலப் பல மடங்கு. பிறகு எல்லை சுருங்கியது. 1970களில் பூங்காவைச் சுற்றி வேலி முழுமையானது. மழையைத் தொடர்ந்து வெகுதூரம் போய்வந்த கூட்டங்களுக்குப் பாதை அடைபட்டது. போகும் வழியை அடைத்தவர்கள் தண்ணீராவது கொடுக்கத்தானே வேண்டும்? என் மனம் அங்கேதான் நிற்கிறது.

அதே நேரம், கொடுப்பதற்கும் அளவு உண்டு. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் இடத்துக்கிடம் கிணறு தோண்டியதால், வறண்ட வடபகுதிக்கு வரிக்குதிரைகள் பெருகி வந்தன. அவற்றின் பின்னால் சிங்கங்களும் வந்தன. உயரமான புல்லுக்குள் ஒதுங்கி வாழ்ந்த ரோன் மான்கள் பெருமளவு சரிந்தன. 1990களிலிருந்து அங்கே பல கிணறுகளை மூடினார்கள். குட்டையைச் சுற்றி எல்லாம் ஒரே இடத்தில் மேய்ந்தால் புல்லும் போய்விடும். ஒகாக்குவேயோவைச் சுற்றி வெறும் கல்லாக இருப்பதைப் பார்ப்பீர்கள்.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். இந்த நீர்நிலைகளில் ஹைஓம் என்ற வேட்டைச் சமூகத்தார் குடியிருந்தார்கள். எந்த ஊற்று எந்த மாதம் உப்புக் கரிக்கும், எங்கே யானை வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். 1954-இல் அவர்களைப் பூங்காவிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். காவலர்களாகவும் கூலிகளாகவும் சிலர் மட்டும் இருக்க முடிந்தது. நான் இராமநாதபுரம் பக்கம் ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். தண்ணீர்க்கரையிலிருந்து ஒரு ஊரையே கிளப்புவது என்றால் என்னவென்று எனக்குக் கொஞ்சம் புரியும். கல்சுவரில் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் நினைவு எனக்கு வராமல் இருந்ததில்லை. மேடை என்று அப்பா சொன்னதில் உண்மை இருக்கிறது. நம் இருக்கை இருக்கும் இடத்தில் முன்பு வேறு யாரோ அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

விளக்கைப் பற்றி: அது இரவு முழுவதும் ஒரே அளவில் எரிவது. ஆண்டுக்கணக்கில் பழகிய விலங்குகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. திடீரென்று அடிக்கும் டார்ச்சும் பேச்சுச் சத்தமும்தான் அவற்றை விரட்டுகின்றன. தம்பியின் டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டி, அறைக்குத் திரும்பும் பாதையில் மட்டும் போடச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

அக்கா, இதையும் அப்படியே படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, யானை குடிக்கும் சத்தம் கேட்குமா என்று கேட்டார். காதுக் கருவியை வீட்டில் பாதி நேரம் கழற்றிவைத்துவிடுவார்.

ஊருணிக்கரை:

கேட்கும். துதிக்கையில் உறிஞ்சும்போது சத்தம் குறைவு. வாய்க்குள் ஊற்றும்போதுதான் குடத்தைக் கவிழ்த்தது போல மடமடவென்று கேட்கும். நடுநடுவே வயிற்றுக்குள்ளிருந்து ஒரு உறுமல் வரும், அது காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சில் தெரியும். சுவருக்குப் பக்கத்துப் பெஞ்சின் ஓரத்தில், நல்ல காது நீர்நிலையைப் பார்த்திருக்கும்படி உட்காரவையுங்கள். ஏழு மணிக்கே இடம் பிடித்துவிட வேண்டும். கருவிக்கு மாற்று பேட்டரிகள் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். முகாம் கடையில் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.